என் சப்ஜெக்ட் சொன்ன சாமி

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்து, தான் பி.எஸ்ஸி. சைக்காலஜியில் சேர்ந்துவிட்டதாகவும், என் பழைய ரெக்கார்டு நோட்டு வேண்டும் என்றும் கேட்டாள். பரணில் ஏறித் தேடி எடுத்தேன். பிரவுன் அட்டையைத் தட்டியதும் தும்மல் வந்தது. தூசிதான். எனக்கென்னவோ செவ்வாய்ப்பேட்டை மிளகாய் நெடி என்றே பட்டது. அதோடு விட்டதா? பின்னாலேயே மலர்விழியும் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். வயிறு எரிந்தது. இத்தனை வருஷமாகியும் எரிகிறது பாருங்கள்.

மலர் என் வகுப்புத் தோழி. ஜேடர்பாளையத்துக்காரி. நான் ஆத்தூர். சேலத்தில் இருவருக்கும் ஒரே ஹாஸ்டல் அறை. அப்போதெல்லாம் சைக்காலஜி என்றால் சொந்தக்காரர்கள் இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, தங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்வார்கள். நானோ அசாதாரண உளவியலில் எந்த நோயைப் படித்தாலும் அது எனக்கு இருப்பதாக முடிவு செய்து, அடுத்த பாடம் வரும்வரை பயந்துகொண்டிருப்பேன். பொறாமை மட்டும் எந்தப் பாடத்தில் வருகிறது என்று பிடிபடவில்லை. வளர்ச்சி உளவியலில் தேடினால், தம்பிப் பாப்பா பிறந்ததும் இரண்டு வயதுக் குழந்தைக்கு வருவது என்று போட்டிருந்தது. எனக்கு வயது பத்தொன்பது. சமூக உளவியலில் அதையே 'ஒப்பீடு' என்று கௌரவமாகச் சொல்லியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டேன்.

மார்க்கில் நான்தான் முதல். மலர் பாஸ் பண்ணினாலே பெரிய விஷயம். ஆனால் ஹாஸ்டலில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் அவள் கட்டிலில் போய்த்தான் உட்கார்ந்தார்கள். எதிர்க்கட்டிலில் நான் கோட்பாடுகளைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பேன். ஒருத்தியாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே!

மூன்றாம் வருஷம், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்காக ஒரே ஒருத்தியை அனுப்பப் போவதாகத் துறைத் தலைவி மேடம் சொன்னார். செய்முறையை யார் நன்றாகச் செய்கிறார்களோ அவளுக்கு. அந்த இடம் எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். செய்முறை இதுதான்: நாம் ஒரு சொல் சொல்ல, எதிரில் இருப்பவர் மனதில் தோன்றும் முதல் சொல்லைச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரமாகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்க்க வேண்டும். அப்படிப் பதில் சொல்லும் வெளியாளுக்கு 'சப்ஜெக்ட்' என்று பெயர்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளும் ஓர் அம்மாவைப் பிடித்தேன். புதுச்சத்திரத்துக்காரர். நான் தும்மத் தும்ம அவர் கிள்ளிக்கொண்டே பதில் சொன்னார். தண்ணீர் என்றேன், கொடம் என்றார். அப்பா என்றேன், சாமி என்றார். பேத்திக்கும் சாமி. மகன் என்றதும் கை நின்றது. பதினொரு விநாடி கழித்து, அதற்கும் சாமி.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மிதமிஞ்சிய பக்தி, உறவுகளின் இடத்தில் கடவுள், அடிமனக் குற்றவுணர்வு என்று நான்கு பக்கம் எழுதி வகுப்பில் வாசித்தேன். மலர் மெதுவாக எழுந்தாள்.

"ஏனுங்க மேடம், புதுச்சத்திரம், எங்கூருப் பக்கமெல்லாம் பெத்தவங்களையும் சாமிம்போம், பெத்த புள்ளையையும் சாமிம்போம். அந்தம்மா சாதாரணமாத்தானுங்க சொல்லியிருக்கு."

வகுப்பே சிரித்தது. எங்கள் ஆத்தூர்ப் பக்கம் சாமி கோயிலில்தான் இருக்கிறது, நான் என்ன செய்வேன்? சிரிப்பு அடங்குவதற்குள் அவள் என்னிடம் திரும்பி, "பையனுக்கு மட்டும் ஏன் அத்தன நேரமாச்சுன்னு கேட்டியா புள்ள?" என்றாள். கேட்கவில்லை. எழுதத்தான் செய்திருந்தேன்.

மேடம் எங்கள் இருவரையும் மண்டிக்குத் திருப்பி அனுப்பினார். மலர் அந்த அம்மாவின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தானும் காம்பு கிள்ள ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பையன் எங்கே இருக்கிறான் என்று கேட்டாள். அவ்வளவுதான். ரிக் வண்டியில் போர்வெல் போட வடக்கே போன மகனிடமிருந்து எட்டு மாதமாகத் தகவலே இல்லையென்று சொல்லி, அந்த அம்மா அவள் தோளில் சாய்ந்து அழுதார். நான் தேடிப் பிடித்த சப்ஜெக்ட், அழுவதற்கு மட்டும் அவள் தோளா! ஐயோ பாவம் என்று தோன்ற வேண்டிய நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

பயிற்சிக்கு மேடம் மலர் பெயரைத்தான் எழுதினார். ஆனால் அந்த ஆவணியிலேயே அவளுக்குக் கல்யாணம். பரீட்சை மட்டும் வந்து எழுதினால் போதும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு என்று வைத்த இடம் எனக்கு வந்தது. இன்று நான் ஆலோசகராக உட்கார்ந்திருப்பது அந்தப் பயிற்சியால்தான். என்னிடம் வருகிறவர்களும் அழத்தான் செய்கிறார்கள். அழுதுவிட்டு மேஜைமேல் இருக்கும் டிஷ்யூவை எடுத்துத் துடைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு வருஷம் முன்பு நாமக்கல்லில் ஒரு கல்யாணத்தில் மலரைப் பார்த்தேன். கோழிப்பண்ணை, இரண்டு பிள்ளைகள், அதே சிரிப்பு. மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை வந்துவிட்டது, அந்த அம்மா என்ன ஆனாரோ என்று பேச்சுக்குச் சொல்லிவைத்தேன்.

"பையன் அந்தத் தை மாசமே ஊடு வந்து சேந்துட்டான் புள்ள, ஒனக்குத் தெரியாதா? அந்தம்மா போயி நாலு வருசமாச்சு. கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நாந்தான் கூட இருந்தேன்."

எனக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் இரண்டு பேரும் பழகியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. செய்முறையில் சப்ஜெக்ட்டின் பெயரை எழுதக் கூடாது என்பது விதி. அதனால் நானும் கேட்கவேயில்லை. அன்றைக்கு மலரிடம் கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பாள். போயும் போயும் அவளிடமா கேட்பது என்று பந்திக்குப் போய்விட்டேன்.