ஆணியில் தொங்கிய போத்தல்

நாலு வருடத்துக்கு முன், மலேசியாவில் கோத்தா திங்கிக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்தது. அங்கே எனக்குக் குலை வெட்டும் வேலை. இப்போதும் அதே வேலைதான்.

தோட்டத்து முச்சந்தியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. நாலு கம்பம், ஒரு பலகை, வரிசையாக ஆணிகள். காலையில் காட்டுக்குள் போகிறவர்கள் தேநீர்ப் போத்தலை ஆளுக்கு ஒரு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். வேலை முடிந்து வந்து, உட்கார்ந்து குடிப்பார்கள். ஒரு போத்தல் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தால் அந்த ஆள் இன்னும் வெளியே வரவில்லை. தேடிப் போவார்கள்.

அப்போது நான் மாட்டுவதில்லை. மனைவி இறந்த பிறகு யாரோடும் உட்காரப் பிடிக்கவில்லை. மர நிரைக்குள்ளேயே தனியாகச் சாப்பிடுவேன். வேலை முடிந்தால் கொட்டகையைத் திரும்பிப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளில் நேரே வீட்டுக்கு.

அன்று காலை நல்ல மழை. வெட்டிய மட்டை மேலே விழ வந்தது. விலகினேன். வழுக்கி வடிகாலுக்குள் விழுந்தேன். கால் முறிந்துவிட்டது. கைபேசியில் லைன் இல்லை. கத்தினேன். தண்ணீர் இடுப்புவரை ஏறியது. கொட்டகையில் என் போத்தல் இல்லை. வீட்டிலும் ஆளில்லை. யாரும் தேட மாட்டார்கள் என்று தெரிந்ததும் கத்துவதை நிறுத்திவிட்டேன்.

மத்தியானம் தாண்டி ஆள் சத்தம் கேட்டது. உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மா, பின்னால் இரண்டு பேர்.

"அலமாக்! இங்கயா கெடக்கறீங்க? கத்தக் கூடாதாண்ணே?"

"கத்துனேன்."

"ரெண்டு வருசமா வாயே தொறக்கல. அப்புறம் எங்கலா சத்தம் வரும்!"

தூக்கி டிராக்டரில் படுக்க வைத்தார்கள். நான் வரவில்லை என்று எப்படித் தெரிந்தது எனக் கேட்டேன்.

"உங்களுக்குன்னு ஒரு காலிப் போத்தல மாட்டி வெப்பேன். உங்க மோட்டார் தாண்டிப் போனதும் எடுத்துருவேன். இன்னிக்கு எடுக்கல."

"எப்ப இருந்து?"

"அண்ணி போனதுல இருந்து."

டிராக்டர் கொட்டகையைத் தாண்டியபோது அந்த ஆணியைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த அம்மா இப்போது கெலாங் பாத்தாவில் மகளோடு இருக்கிறார். நான் இன்றும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் போத்தலை மாட்டுகிறேன். பலகை ஓரத்தில் உட்கார்ந்து குடிக்கிறேன். கடைசிப் போத்தல் இறங்கும்வரை எழுந்து போவதில்லை. எனக்கு யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போன இரண்டு வருடமும், உள்ளே எனக்கென்று ஒரு ஆணி இருந்திருக்கிறது. அதை நினைக்காமல் ஒரு நாளும் என் போத்தலை நான் மாட்டியதில்லை.