தூத்துக்குடிக்கு ஐந்தாவது வழி

காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கொடைக்கானலிலிருந்து தூத்துக்குடி போகும் வழிகளை எழுதினேன். எனக்கு அப்போது பதினொரு வயது. ஒன்று, வத்தலகுண்டு வழியாக மதுரை, அங்கிருந்து வேறு பஸ். இரண்டு, கொடை ரோடு ஸ்டேஷன் வரை பஸ், பிறகு ரயில். மூன்று, பெருமாள்மலையில் திரும்பிப் பழனிப் பாதையில் இறங்குவது. நான்கு, வாடகைக் கார். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணி நேரம், எங்கே மாற வேண்டும், வளைவுகள் எப்படி என்று மூன்று கட்டங்கள். இன்று சென்னையில், பயணிகளுக்கு வழி காட்டும் மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. அந்த மூன்றாவது கட்டத்துக்கு மட்டும் அதில் இடமில்லை.

பட்டியல் என் அத்தைக்காக. அப்பாவின் அக்கா. ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு மேலே வீடு. "எனக்குப் பஸ் ஒத்துக்காது" என்பது அத்தை ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்த செய்தி. கல்யாணமாகி வந்த பிறகு ஒருமுறைகூட அவள் மலையை விட்டு இறங்கியதில்லை. மாமா இறந்த பின், ஒரே மகளை நர்சிங் படிக்கத் தூத்துக்குடியில் கொண்டு விட்டதுகூட என் அப்பாதான். அந்த மகளை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி அங்கேயே துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தை போகவில்லை. பஸ் ஒத்துக்காது என்றாள். மதினி அதை நம்பவில்லை. நம்பச் சொல்லவும் எங்களால் முடியவில்லை, ஏனென்றால் அத்தை வாந்தி எடுத்துப் பார்த்தவர்கள் யாருமில்லை. "சின்னப்பிள்ளையில எடுப்பா. இப்ப எப்படியோ, யாரு கண்டா?" என்று அப்பாவே சொல்வார்.

இரண்டு வருடம் அம்மாவும் மகளும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு மதினியின் போன் வந்தது. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். "மாமா, பேறுகாலத்துக்கு நம்ம வீட்டுக்கு வர்றேன். ஆனா எங்கம்மா வந்து கூப்பிடணும். நீங்க மட்டும் வந்தீங்கன்னா வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை அத்தை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் என் பட்டியலை வாசித்தேன். காருக்கு, "மூடிப்போட்ட வாடை கொமட்டும். பஸ்ஸே தேவல" என்றாள். பழனிப் பாதைக்கு, "அதுலயும் வளையத்தானடி செய்யும்?" ரயிலுக்கு, "ரயில் இங்கயா வந்து நிக்குது?" அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப பறந்துதான்க்கா போகணும்" என்றார். எனக்கு வெள்ளகவிக்காரர்களின் ஞாபகம் வந்தது. அந்த ஊருக்கு ரோடு கிடையாது. மளிகை வாங்க ஒற்றையடிப் பாதையில் ஏறி எங்கள் ஊருக்கு வருவார்கள். அதே பாதை கீழே கும்பக்கரை வரை இறங்கும். அங்கிருந்து பெரியகுளம், மதுரை, தூத்துக்குடி எல்லாம் நேர் ரோடு. ஐந்து, நடந்து என்று எழுதி வாசித்தேன். அப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு, "ஏலே, கும்பக்கரைக்கு எம்புட்டு நேரமாகும்?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அத்தையும் அப்பாவும் வெள்ளனே கிளம்பினார்கள். அத்தை காலில் விடுதிப் பிள்ளை யாரோ விட்டுப்போன கான்வாஸ் ஷூ. தோளில் வளையலும் பலகாரமும் வைத்த பை. வட்டக்கானல் வரை நானும் போனேன். பட்டியலைச் சரிபார்க்கிற நினைப்பில்தான் கேட்டேன், வேறொன்றுமில்லை: "கல்யாணத்துக்கும் இப்படியே நடந்து போயிருக்கலாமே அத்தை?"

அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அத்தை குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். அவிழாத கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். "மழை வரும். வெரசா வீட்டுக்குப் போ" என்றாள், என்னைப் பார்க்காமல்.

என் பட்டியலில் ஒரு குறை இருந்தது. அதில் திரும்பி வரும் வழியே இல்லை. ஏழு மாதக் கர்ப்பிணி அந்தப் பாதையில் எப்படி ஏறுவாள்? நான்கு நாள் கழித்து அவர்கள் பஸ்ஸில்தான் வந்தார்கள். ஸ்டாண்டில் காத்திருந்தேன். முதலில் அப்பா பைகளோடு இறங்கினார். "காட்ரோட்டுல மலை ஏறினதுமே வாந்தி ஆரம்பிச்சது. வழி பூரா" என்றார். அடுத்து மதினி, வயிற்றைச் சாய்த்துக்கொண்டு இறங்கி, திரும்பி நின்று ஒரு கையைக் கொடுத்து அத்தையை இறக்கினாள். அத்தையின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கூட்டிவரப் போனவளை, கூட்டிவரப்பட வேண்டியவள் தாங்கிக்கொண்டு வந்தாள்.

குழாயடியில் மதினி அவள் முகத்தைக் கழுவிவிட்டாள். கழுவும்போதே அழுதாள். "கல்யாணத்துக்கு வராம இருக்கச் சும்மா சொல்றேன்னு நெனச்சேம்மா. இப்படியா வரும் உனக்கு!"

அத்தை அதோடு விட்டிருக்கலாம். மதினியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். வட்டக்கானலில் கேட்டதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

"நீ நெனச்சதும் சரிதான்டி. அன்னைக்கும் நடந்து வந்திருக்கலாம். வரல. கோவம்."

அப்பா திடீரென்று பைகளை எண்ண ஆரம்பித்தார். மதினி முந்தானையை உதறி அத்தையின் முகத்தைத் துடைத்தாள்.

"அது தெரியும். நீ அந்த ஷூவோட வாசல்ல வந்து நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு. வாந்தி நெசம்னுதான் இன்னைக்குத் தெரிஞ்சது. வா, எனக்குப் பசிக்குது."

மதினிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அத்தை வருடத்துக்கு மூன்று தடவையாவது தூத்துக்குடி போய்விடுகிறாள். சென்னையிலிருந்து நான் போனில் பஸ் நேரம் பார்த்துச் சொல்வேன். முன் சீட், ஜன்னலோரம், கையில் எலுமிச்சம்பழம், மடியில் நாலைந்து பாலிதீன் பை. ஒத்துக்கொள்ளாதது இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. வத்தலகுண்டு வரை அவஸ்தைதான். போன மாதம் கேலியாகக் கேட்டேன், பேசாமல் பழையபடி நடந்து இறங்கிவிட வேண்டியதுதானே என்று.

"போடி கிறுக்கி, நடந்தா ராத்திரி ஆயிரும். பஸ்ஸுன்னா பொழுது சாயுமுன்ன பிள்ளைகளப் பாத்துரலாம்" என்றாள் அத்தை.