ஸ்ப்ளிட் பின் போட்டேனா?

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவ எழுந்தபோதுதான் டிரேயில் அதைப் பார்த்தேன். ஒரு புது ஸ்ப்ளிட் பின். காலையில் நான் எடுத்து வைத்தது இரண்டு.

அப்போது தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். அன்று காலை வரதாச்சாரி சார் தன் வெள்ளை அம்பாசடரைக் கொண்டுவந்து விட்டிருந்தார். ஆழ்வார்திருநகரியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதக் கர்ப்பிணியான மகளை இங்கே ஆஸ்பத்திரியில் காட்ட அழைத்து வந்திருந்தார்.

“ஸ்டீயரிங் ஆடறதுப்பா. இவளைக் காட்டிண்டு வர்றதுக்குள்ள பாத்து வையும்” என்றார்.

ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன். இரண்டு பக்கமும் டக் டக் என்று சத்தம். டை ராட் எண்ட் போய்விட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கும் மூட்டு அது. எங்கள் ஊரில் அதன் ரப்பர் உறை கிழிந்தால் போதும், உப்புக் காற்று உள்ளே போய்ச் சீக்கிரமே மூட்டுக்குள் இருக்கும் இரும்புப் பந்தைத் தின்றுவிடும். இரண்டையும் மாற்றினேன். வலது பக்கம் நட்டை முறுக்கி, அது கழன்று வராதபடி ஸ்ப்ளிட் பின்னும் போட்டு முடித்தேன். இடது பக்கம் நட்டைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தபோது பிரேக் பிடிக்காத மீன் லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது.

“ஏலே சேவியர், அத விட்டுட்டு இங்கன வா!” என்று முதலாளி மரியதாஸ் அண்ணாச்சி கத்தினார். போனேன். திரும்பி வந்து சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினேன். நடுவில் என்ன செய்தேன் என்பது நினைவில் இல்லை. டிரேயில் மிச்சமிருந்த பின்னைப் பார்த்தபோது, சார் வந்து வண்டியை எடுத்துப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அண்ணாச்சியிடம் பின்னைக் காட்டினேன்.

“பழைய பின்னப் போட்டிருப்பலே. எத்தன வருசமா செய்யுத வேல? கை தானா செஞ்சிருக்கும்.”

“பழையது ரெண்டும் இந்தா கெடக்கு அண்ணாச்சி.”

அவர் முகம் மாறியது. தன் புல்லட் சாவியை நீட்டினார். ஸ்பேனரையும் பின்னையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முள்ளக்காடு தாண்டி உப்பளங்களுக்கு நடுவே போகும்போது சாலையின் இரண்டு பக்கப் பள்ளங்களையும் பார்த்துக்கொண்டே போனேன். தூரத்தில் நாலு பேர் கூடி நின்றாலே, நடுவில் வெள்ளை வண்டி கிடக்கிறதா என்று தேடினேன். பழையகாயல் டீக்கடையில் நிறுத்திக் கேட்டேன்.

“வெள்ள அம்பாசடரா? இப்பத்தான் போச்சு. மாட்டு வண்டி கணக்கா போறாரு” என்றார் கடைக்காரர்.

முக்காணி தாண்டி ஏரல் சாலையில் வண்டியைக் கண்டுகொண்டேன். இடது பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர். சந்தோஷத்தில் ஹாரனை அடித்தேன். நான் முந்தப் பார்க்கிறேன் என்று நினைத்து, சார் வழி விடுவதற்காக வண்டியை இடது பக்கம் ஒதுக்கினார். சக்கரம் வாய்க்கால் விளிம்பை ஒட்டி ஓடியது. ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவர் திடீரென்று திருப்பினாலும் ஆபத்து, பிரேக்கை மிதித்தாலும் ஆபத்து. மெதுவாக வலது பக்கம் போய் ஜன்னலுக்கு நேராக வந்து, என்னால் முடிந்த அளவு சாதாரணமாகச் சொன்னேன்: “சார், பையப் பைய நிறுத்துங்க.”

வண்டி நின்றது. தரையில் படுத்துப் பார்த்தேன். இடது நட்டு திருகின் கடைசி இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனரே படாத நட்டு. முறுக்கிப் பின்னைப் போட்டு அதன் கால்களை விரித்துவிட்டு எழுந்தேன்.

“என்னப்பா, எதையாவது மறந்துட்டீரா?” என்றார் சார்.

சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. பின் சீட்டில் அவர் மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா சார். நட்ட முறுக்காம விட்டுட்டேன். எம்மேலதான் தப்பு.”

“கழண்டிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று அவள் கேட்டாள்.

“சக்கரம் ஸ்டீயரிங் பேச்சக் கேக்காதும்மா. அது இஷ்டத்துக்குத் திரும்பிரும்.”

அவள் வாய்க்காலைப் பார்த்தாள். அப்புறம் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். “நான் இதுல வரமாட்டேன் அப்பா.”

சார் இடது பக்க முன் கதவைத் திறந்தார். பிறகு என்னிடம், “நீரும் ஏறும். முன்னாடி உக்காரும்” என்றார்.

வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் புல்லட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினேன். அதைப் பார்த்த பிறகே அவளும் ஏறினாள். பின்னைப் போட்டவன் நான், கண்ணால் பார்த்தவனும் நான். இருந்தும் ஆழ்வார்திருநகரி வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் கால் தானாகத் தரையில் ஊன்றியது. வீட்டு வாசலில் அவள் இறங்கி நடந்த பிறகுதான் ஊன்றிய காலை எடுத்தேன்.

பஸ்ஸில் போய்ப் புல்லட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பி, நடந்ததைச் சொன்னதும் அண்ணாச்சி கேட்டார்: “உண்மைய ஏம்லே சொன்ன? இனி அவரு இங்கன வருவாரா?”

அவர் வரவே இல்லை. அதில் அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்டீயரிங் வேலையின் நடுவில் யார் கூப்பிட்டாலும் எழுந்து போகாதீர்கள். போயே ஆகவேண்டும் என்றால், திரும்பி வந்ததும் முதல் நட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள். முடித்த பிறகு ஓட்டிப் பார்க்க நீங்களே ஏறுங்கள். ஏறத் தயக்கமாக இருந்தால், அந்த வண்டியை இன்னும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.