சொல்லாத மெக்கானிக்

அவள் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எப்போதும் நுனியில்தான், யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல. கல்யாணமாகி வந்த பதினாறு வருடங்களில் இதைக் கவனித்தவன் கொழுந்தன் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனும் மூன்று நண்பர்களும் கூடத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து விண்வெளிக் கதை விளையாடுவார்கள். கொழுந்தன் கதையை நடத்துவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகவே பேசி, பகடை உருட்டி, வந்ததை அனுபவிக்க வேண்டும். ஆரம்பத்தில் மூவருமே கேப்டன்கள். ஒருவனுக்கும் பயமில்லை, பசியில்லை, குறி தப்பாது. ஒருநாள் தேநீர் வைக்க வந்தவள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள்: "இவங்க யாருக்குமே கால் வலிக்காதா?"

அன்றிலிருந்து பாத்திரம் செய்வது அவள் வேலையாயிற்று. ஏழாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். பழைய சலவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதித் தருவாள். தப்பை ஒத்துக்கொள்வதைவிடக் கப்பலையே மோதவிடத் தயாரான ஓட்டுநர். தன் கண் மங்குவதை மறைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் டாக்டர். எல்லாம் நின்ற இடத்தில் நின்று பார்த்துச் சேர்த்த குணங்கள்.

அவள் நிற்பது மருத்துவமனைத் துணி வெளுக்கும் கூடத்தில். படுக்கை விரிப்புகளைத் துணி தேய்க்கும் மெஷினின் சூடான உருளைகளுக்குள் நீட்டிக் கொடுக்க வேண்டும். உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் மெஷின் சட்டென்று நிற்க வேண்டும். நாலு வாரமாக அது யோசித்து யோசித்துத்தான் நிற்கிறது. அவள் கண்ணில் மட்டும் பட்டது. விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள் பேச்சு சுவாரசியத்தில் கையைப் பார்க்கவே மாட்டாள். அவள் விரல் கம்பியை நெருங்கும்போதெல்லாம் இவள் விரிப்பைத் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பாள். வேலை முடிந்ததும் காலை நீட்டினால் போதும் என்றிருக்கும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த வாரம் எழுதிய சீட்டு: கப்பல் மெக்கானிக், பெண். எல்லாவற்றையும் பார்ப்பாள். யாரிடமும் சொல்ல மாட்டாள்.

"இது ஒரு குறையா அண்ணி?" என்று சிரித்தான், குண்டூசி என்று பெயரெடுத்த ஒல்லி நண்பன். "இப்படி ஒருத்தி கிடைச்சா நாளைக்கே கட்டிக்குவேன்."

சீட்டு அவனுக்கே விழுந்தது. கதையில் கப்பலின் வெளிக்கதவில் காற்றைத் தடுக்கும் ரப்பர் விரிசல் விட்டிருந்தது. "பார்த்துட்டேன். சொல்லல," என்றான் ஒவ்வொரு சுற்றிலும், பெரிய வேடிக்கையாக. நாலாவது சுற்றில் கதவு பிய்த்துக்கொண்டது. டாக்டர் செத்துப்போனாள்.

டாக்டராக ஆடிய இன்னொரு நண்பன், பஸ் டிரைவர், பகடையை வீசினான். "ஏழு மாசமா வளர்த்த ஆளுடா! சொல்லித் தொலைச்சா என்ன?"

"சீட்டுல அப்படித்தானே போட்டிருக்கு? அண்ணி, அவ ஏன் சொல்லல? பயந்தாங்கொள்ளியா?"

"பயமெல்லாம் இல்ல," என்றாள். "சொன்னா, எப்ப பார்த்தேன்னு கேப்பாங்க. இத்தனை நாள் எங்க போனேன்னு கேப்பாங்க. எழுதிக் கொடுன்னுவாங்க. நாள் பூரா நின்னுட்டு வந்தவளுக்கு அதுக்கெல்லாம் தெம்பு வேணாமா?"



"செத்தவ மட்டும் அசதியில்லாமலா இருந்தா?" என்றான் டிரைவர், டாக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே.

மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள்.

"எத்தனை நாளா?"

"நாலு வாரம் சார்."

"நாலு வாரமா வாயில என்ன வச்சிருந்தே?"

எதிர்பார்த்த கேள்விகள் வரிசை மாறாமல் வந்தன. கேட்டபடி எழுதியும் கொடுத்தாள். மெஷினை இரண்டு நாள் நிறுத்திவிட்டார்கள். விரிப்புகள் மலையாகக் குவிந்தன.

"ஓடிட்டிருந்ததை நிறுத்தி வச்சுட்டியேடி மகராசி. கையால மடிச்சு மடிச்சு என் தோள்பட்டையே போச்சு!" என்றாள் மறுமுனைக்காரி.

இப்போது கம்பி, பட்டதும் நிற்கிறது. தினமும் கூடத்திலுள்ள மூன்று மெஷின்களையும் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது. அதற்காக அரை மணி முன்னதாகப் போகிறாள். மறுமுனைக்காரிக்குப் பத்து விரலும் இருக்கின்றன, இவளோடு பேச்சுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் இவளுக்குக் கண் சொருகிவிடுகிறது. புது டாக்டரின் சீட்டு இரண்டு வரியோடு பாதியில் நிற்கிறது.