ஈரம் காயாத முகம்

ராயபுரத்துப் பக்கம் ஒருவன் பிறந்தநாள் கொண்டாடினாலும் பேனர், செத்தாலும் பேனர். ரோஷன் டிஜிட்டல் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதையெல்லாம் செய்துகொடுப்பவள் ரமாபாய். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பீம்ராவின் மூத்த மகள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். தையில் ஒருத்தனுக்குக் கிரீடம் வைத்துவிட்டு ஆடியில் அதே ஆளின் படத்துக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றியிருக்கிறாள். வீட்டில் போட்டோ இல்லாதவர்கள் நேரே அவளிடம்தான் வருவார்கள், முன்னே அடித்த பேனரில் முகம் இருக்குமே என்று.

இரண்டாயிரத்து ஆறு, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டே காலுக்கு அப்படித்தான் ரவிக்குமார் வந்தான். கூடவே அவன் அண்ணன் மகள் அம்மு, பதினைந்து வயசு. அண்ணன் கோதண்டம் மூன்று நாளைக்கு முன் மீன்பிடி லாஞ்சிலிருந்து தவறி விழுந்தவன். அன்று விடியற்காலை எண்ணூர் பக்கம் கரை ஒதுங்கியிருந்தான். முகம் பார்க்கிற மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியில் மொத்தமாகச் சுற்றித்தான் கொடுக்கிறார்கள், அண்ணி குப்பம்மாவுக்குத் துணியைப் பிரித்துக் காட்டப் போவதில்லை என்று ரவிக்குமார் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். போன சித்திரையில் காசிமேட்டுக் குப்பத்தில் பிடித்த நெருப்பில் ஆல்பம், ஓட்டர் கார்டு எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருக்கிற ஒரே முகம் அம்முவின் மஞ்சள் நீராட்டு பேனரில். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். பெண்ணைக் கடையில் விட்டுவிட்டு அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

பேனரின் ஃபைல் இருந்தது. எங்கே இருந்தது என்பதில்தான் வினை.

கடை முதலாளி தாவூது பாய் நல்ல மனுஷர், ஆனால் ஒருமுறை சூடு பட்டவர். முன்பு வேலை பார்த்த தீனா கடையின் டிசைன் அத்தனையையும் சிடியில் அள்ளிக்கொண்டு போய் யானைக்கவுனியில் சொந்தக் கடை போட்டுவிட்டான். அன்றிலிருந்து பாய்க்கு யாரைப் பார்த்தாலும் தீனாவாகத் தெரிந்தது. மூன்று மாதம் முன்பு எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு பெரிய நெட்வொர்க் டிரைவ், சேமித்து வைக்கிற பெட்டி, வாங்கினார். பழைய வேலை எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்கு மாற்றி, கம்ப்யூட்டர்களில் இருந்ததை அழித்து, ஒரு சட்டம் போட்டார்: அதிலிருந்து திற, அதிலேயே சேவ் பண்ணு, உன் மெஷினில் ஒன்றும் தங்கக் கூடாது.

சின்ன வேலை என்றால் பெட்டி வாங்கிக்கொள்ளும். பெரிய பேனரை போட்டோஷாப்பிலிருந்து நேரே சேவ் செய்தால் பாதியில் நின்று இடமில்லை என்று காட்டும். பெட்டியோ பத்தில் ஒன்பது பங்கு காலி. நம்மிடம் உள்ள போட்டோஷாப் பழசு, இவ்வளவு பெரிய இடத்தை அதற்கு எண்ணத் தெரியவில்லை, முதலில் மெஷினில் சேவ் செய்து அப்புறம் காப்பி போட்டால் ஒழுங்காக ஏறுகிறது என்று ரமாபாய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, தீனாவும் இப்படித்தான் ஆரம்பித்தான் என்றார். அதற்கு மேல் எந்த ரோஷக்காரி வாய் திறப்பாள்? அதிலிருந்து அவள் பழைய பேனரின் மேலேயே சேவ் செய்யாமல் புதுப் பெயரில் செய்து பார்ப்பாள். போனால் புதுசுதான் போகும்.

அன்றைக்கு அது மறந்தது. பக்கத்தில் அந்தப் பெண் அழாமல் உட்கார்ந்திருந்தாள், அதுதான் காரணம். பேனரைத் திறந்ததும் கோதண்டம் வெள்ளைச் சட்டையில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, ஒரு பக்கம் குப்பம்மா, நடுவில் பட்டுப் பாவாடையில் அம்மு. மேலே இருந்த ‘மஞ்சள் நீராட்டு விழா’வை எடுத்துவிட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டாள். கை தன்பாட்டுக்கு, பழசின் மேலேயே சேவ் செய்கிற கன்ட்ரோல் எஸ் அடித்துவிட்டது.

சேவ் ஆவதைக் காட்டும் நீலக்கோடு பாதி ஓடி நின்றது. இடமில்லை என்றது. அவள் பெட்டிக்குள் போய்ப் பார்த்தாள். பேனரின் பெயர் இருந்தது, அளவு பூஜ்யம். பழசை அழித்துவிட்டுப் புதுசை எழுதாமல் விட்டிருந்தது. அட பாவி!

கோதண்டம் இப்போது எதிரே அந்தக் கண்ணாடித் திரையில் மட்டும் இருந்தான். அதை அணைத்தால் இந்த உலகத்தில் அவன் முகம் இல்லை. வேறு பெயரில் இரண்டு முறை முயன்றாள், இடமில்லை. பாயின் சட்டம் நாசமாய்ப் போகட்டும் என்று தன் மெஷினிலேயே சேவ் செய்யப் பார்த்தாள். அங்கும் இடமில்லை. அதன் டிஸ்க் சின்னது, இந்த பேனரைத் திறந்து வைப்பதற்கே அது நிரம்பிப் போயிருந்தது. அங்கே சொன்னது பொய், இங்கே சொன்னது நிஜம். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார், கேட்கவும் ஆளில்லை.

ஒன்றே காலுக்குக் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. அவள் கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ், அதுவும் கிழட்டு பேட்டரி, ஏழெட்டு நிமிஷம் தாங்கினால் பெரிது. அது கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. அம்மு அந்தச் சத்தத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இனி மறைப்பது பாவம் என்று ரமாபாய்க்குப் பட்டது.

“கண்ணு, தப்பு பண்ணிட்டேன். படம் இப்போ இதுல மட்டும்தான் கீது. மொத்தமா காப்பாத்த முடியாது. மிச்சம் கீற எடத்துல துண்டா ஒண்ணு வெட்டி எடுக்கலாம், அவ்ளோதான்.”

“நானு, எங்கம்மா?”

“போயிடும்.”

அம்மு திரையில் இருந்த தன் பட்டுப் பாவாடையை ஒரு தரம் பார்த்தாள். “நாங்க உசுரோடதான கீறோம். எங்கப்பா போதும்க்கா.”

ரமாபாய் கோதண்டத்தின் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டாள். அவசரத்தில் முதல் கட்டத்தில் காது வெட்டுப்பட்டது. மறுபடி போட்டாள். காப்பி எடுத்து, புதுப் பக்கம் திறந்து, ஒட்டி, தன் மெஷினில் சேவ் அடித்தாள். யூபிஎஸ் விடாமல் ஒரே சத்தமாகக் கத்தியது. கோடு ஓடி முடிந்த மாதிரி இருந்தது. முடிந்ததா என்று பார்ப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

அடுத்த முக்கால் மணி நேரத்தை ரமாபாய் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். புழுக்கத்தில் இரண்டு பேரும் கறுத்த கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பாய் தொழுகை முடிந்து வந்தார். நடந்ததைச் சொன்னாள், தன் தப்பையும் சேர்த்து. பாய் வாசலில் போய் நின்று தெருக்கோடி டிரான்ஸ்பார்மரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு ஐந்துக்குக் கரண்ட் வந்தது. மெஷின் எழுந்து, டிஸ்கைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று ஆற அமர எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருவழியாகத் திறந்ததும் அம்மு கண்ணை மூடிக்கொண்டாள். ரமாபாய் அவள் தோளைத் தட்டினாள். கோதண்டம் சிரித்துக்கொண்டிருந்தான், இரண்டு காதும் இருந்தன.

பூ, விளக்கு, மேகம் எதற்கும் நேரமில்லை. வெள்ளையில் முகம், கீழே பேர், தேதி, அவ்வளவுதான். பிளெக்ஸ் அச்சு மெஷினிலிருந்து பேனர் வந்ததும் காற்றில் போட்டு ஒரு மணி நேரமாவது காயவிட வேண்டும். மணி மூன்றரை. சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று, ரமாபாயும் அம்முவும் ஆட்டோவில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தபடியே காசிமேட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

துணி சுற்றிய உடம்பின் காலடியில் குப்பம்மா உட்கார்ந்திருந்தாள். பேனரை நிமிர்த்தியதும் தட்டுத் தடுமாறி எழுந்து வந்தாள். காயவில்லை, தொடாதீர்கள் என்று சொல்ல ரமாபாய் வாயெடுப்பதற்குள் குப்பம்மா இரண்டு கையாலும் அந்தக் கன்னத்தைத் தடவிவிட்டாள். மூன்று நாளாக அழாமல் மரத்துப் போயிருந்தவள் அப்போதுதான் ஓவென்று அழுதாள். கன்னத்து மை கலைந்து, விரல் தடங்கள் கோடு கோடாக இறங்கின. அவள் உள்ளங்கையெல்லாம் அவன் நிறம்.

மறுநாள் பாய் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டினார்: முதலில் சொந்த மெஷினில் சேவ், பிறகு பெட்டிக்குக் காப்பி. தீனாவின் பேச்சு அதோடு நின்றது. ரமாபாய் கோதண்டத்தை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தினாள். பதினாறாம் நாளுக்கு முந்தின தினம் நல்ல பேனர் ஒன்று, பூவும் விளக்கும் வைத்து, நன்றாகக் காயவிட்டு, தானே எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனாள். அழிந்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்டலாம் என்றாள்.

குப்பம்மா புதுசை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுவரில் இருந்ததைக் கழற்ற விடவில்லை.

“அது இருக்கட்டும் கண்ணு. அவர கடைசியா நான் தொட்டது அதுலதான் கீது.”