உடையாத பிட்

வங்கி வாசலில் என் சொந்தத் துப்பாக்கியோடு காவல் நிற்பதுதான் என் பிழைப்பு. தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வந்தபோது ஸ்குரூவெல்லாம் துருப்பிடித்து இறுகியிருந்தது. கழற்றித் துடைக்கப் போனால், கையிலிருந்த மட்டமான ஸ்குரூடிரைவர் பிட்டுகள் ஒவ்வொன்றாக முனை உடைந்தன. ஆத்திரத்தில் திருப்பரங்குன்றத்துக் கடைக்குப் போய் இருப்பதிலேயே கெட்டியானதைக் கேட்டேன்.

"இது ஆயுசுக்கும் உடையாதுண்ணே," என்றார் கடைக்காரர்.

முழுப் பலத்தையும் போட்டுத் திருப்பினேன். ஸ்குரூவின் தலை துண்டாக வந்துவிட்டது. இத்தனை நாளும் அந்த மட்டமான பிட்டுகள்தான் தாங்கள் உடைந்து ஸ்குரூவைக் காப்பாற்றியிருக்கின்றன. அந்த ஸ்குரூ இல்லாமல் துப்பாக்கியைச் சுட முடியாது; அவ்வளவு பழைய துப்பாக்கிக்கு இனி ஸ்குரூ கிடைக்காது. துப்பாக்கி இல்லாமல் வர வேண்டாம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். பிட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களாண்ணே, முனை மழுங்கவே இல்ல."