குசினிக்குப் போன அம்ப்ளிபயர்

மேடைக் கச்சேரிகளுக்குப் பாவிக்கும் மலிவான அம்ப்ளிபயர் ஒன்றை, பாலையூற்றில் எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்க வாங்கினேன். ஒலி துல்லியம்தான், ஆனால் அதன் விசிறி இரைந்ததில் வீணையே அமுங்கிப்போனது. திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன்.

“ஏன் குடுக்கிறியள்? குசினிக்குள்ள வைப்பம். ஹோலில இருக்கிற ஸ்பீக்கருக்கு வயரைக் கதவுக்கு மேலால எடுங்கோ,” என்றாள் மனைவி.

அதன்பின் ஹோலில் பாடகியின் மூச்சுக்கூடக் கேட்டது. நான் சொக்கிப்போனேன்.

ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போய், சாத்தியிருந்த குசினிக் கதவைத் திறந்தேன். விசிறியின் இரைச்சலுக்குள் நின்று அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அங்கே பாட்டின் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

“உமக்கு இந்தச் சத்தம் கரைச்சலா இல்லையோ?”

“நீங்கள் சந்தோசமாக் கேக்கிறியள்தானே.”

அவ்வளவு நாளும் நான் அனுபவித்த அமைதி அவள் தந்தது.

இப்போது பின்னேரங்களில் மீன் வெட்டுவது நான். அவள் ஹோலில் கதிரையில் சாய்ந்திருப்பாள். என்ன பாட்டுப் போகிறதென்று எனக்குக் கேட்பதில்லை.